குழாயில் தங்கிய கரு: நான் கொன்றுவிட்டேனா?

கேள்வி: எனக்கு வயது 29, காசிமேட்டில் வசிக்கிறோம். நாள் தள்ளிப்போன ஏழாவது வாரத்தில் கடும் வயிற்றுவலி வந்து மயங்கி விழுந்தேன். கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துவிட்டது என்று அன்றிரவே இடது குழாயை எடுத்துவிட்டார்கள். ‘ஸ்கேனில் துடிப்பு இருந்ததாமே, இதுவும் கருக்கலைப்புதான், பாவசங்கீர்த்தனம் செய்’ என்கிறார் மாமியார். கையெழுத்துப் போட்டது நான்தான். கொன்றுவிட்டேனா, டாக்டர்?

பதில்: இல்லை, அம்மா. வெடித்த குழாயிலிருந்து ரத்தம் வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் அறுவைச் சிகிச்சை. கரு பிழைக்காது என்று மருத்துவருக்குத் தெரியும். ஆனாலும் அது சாக வேண்டும் என்று அவர் கத்தியை எடுக்கவில்லை. கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் பதியவைக்க முடிந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். அந்த வித்தை மருத்துவத்துக்கு இன்னும் கைவரவில்லை. துடிப்பு இருந்தாலும் குழாயில் குழந்தை வளர இடமேது?

டாக்டர் பேச்சு மாமியாரிடம் எடுபடாவிட்டால், புனிதர் ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். தற்காப்புக்காகத் தடுக்கும்போது தாக்கியவன் இறந்துபோனால் அது கொலையா என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் ஆராய்ந்தார். ஒரே செயலில் நாடிய விளைவும் நாடாத விளைவும் இருக்கலாம் என்றார். கத்தோலிக்க அறநெறியாளர்கள் பலர் குழாயை அகற்றுவதை ஏற்பது இந்த வழியில்தான்.

அவர்களில் சிலர் ஒரு படி மேலே போய், அறுவைக்குப் பதிலாகப் போடும் மெத்தோட்ரெக்சேட் மருந்து ஊசி கூடாது என்கிறார்கள். ஊசி கருவின் செல்களையே தாக்குகிறதாம், ஆகவே அது நேரடிச் செயலாம். இங்கே எனக்கு உடன்பாடில்லை. குழாய் வெடிக்காமல், துடிப்பு தெரியாமல், ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவும் குறைவாக இருக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஊசியே போதும், குழாயும் மிஞ்சும். எப்படிப் பார்த்தாலும் கரு பிழைக்காதபோது, மருத்துவரின் மனசாட்சிக்காக அவள் ஏன் குழாயை இழக்க வேண்டும்? உங்களுக்கு அந்தத் தேர்வே இருக்கவில்லை. வெடித்த பிறகு ஊசி உதவாது.

பங்குத்தந்தையிடம் பேசினால் மனம் ஆறும் என்றால் பேசுங்கள், மாமியாரையும் கூட்டிப்போங்கள்.

வலது குழாய் நன்றாக இருந்தால் இயல்பாகவே மறுபடி கருத்தரிக்கலாம். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் திரும்பவும் குழாயில் தங்குகிறது. எனவே அடுத்த முறை 6ஆவது வாரத்திலேயே ஸ்கேன் எடுங்கள். அதற்குள் ஒரு பக்கம் வயிறு வலித்தாலோ, தோள்பட்டை வலித்தாலோ, தலை சுற்றினாலோ, நள்ளிரவானாலும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், அடுத்த குழந்தைக்குப் பாதுகாப்பான ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள்.