பிள்ளைகளின் தின்பண்டத்தில் தடை செய்த ரசாயனமா? உணவுப் பகுப்பாய்வாளரிடம் கேளுங்கள்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நிறமூட்டிகளையும் பதப்படுத்திகளையும் ஆய்வு செய்யும் பெண் பகுப்பாய்வாளர் ஒருவர், பெற்றோர், ஆசிரியர்கள் உள்ளிட்டோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஒரு தாய்: மேடம், மிட்டாய் சாப்பிட்டால் என் பையனுக்கு நாக்கு, விரலெல்லாம் ரோஸ் கலராகிறது. அப்படியென்றால் தடை செய்த சாயம்தானே?

ஒட்டுவதை வைத்து முடிவு கட்ட முடியாதும்மா. பல நாடுகளில் அனுமதி பெற்ற கார்மோய்சின் என்ற சிவப்புச் சாயமும் நாக்கில் ஒட்டும். பாக்கெட்டில் தயாரித்தவர் பெயரும் நிறமூட்டியின் எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்குப் பெரிய கவலை, எந்த விவரமும் இல்லாமல் உதிரியாக விற்கும் பண்டங்கள்தான். துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற ரோடமைன் பி போன்ற சாயங்கள் அந்த வழியாகத்தான் பிள்ளைகள் வாய்க்குப் போகின்றன.

அறிவியல் ஆசிரியர்: பரிசோதனைக் கூடத்தில் அந்தச் சாயத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? மாணவர்களுக்குச் செய்து காட்ட முடியுமா?

எங்கள் பழைய கருவி வெள்ளைக் கம்பளி நூல்தான், இன்றைக்கும் பயன்படுகிறது. பண்டத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கொஞ்சம் அமிலம் விட்டு, எண்ணெய்ப்பசை நீக்கிய நூலைப் போட்டுக் கொதிக்க வைப்போம். உணவில் போடும் செயற்கை நிறங்களில் பெரும்பாலானவை அமிலச் சாயங்கள். அவை நூலில் ஏறிக்கொள்ளும். நூலை நன்றாக அலசி, நீர்த்த அம்மோனியாவில் சூடாக்கினால் சாயம் இறங்கிவிடும். அந்த நீரை மறுபடி அமிலமாக்கிப் புது நூல் போடுவோம். இரண்டாம் முறையும் பளிச்சென்று ஏறினால் செயற்கைச் சாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். இயற்கை நிறங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றுக்குத் தாங்காது.

ரோடமைன் பி இதற்கு நேரெதிர். அது காரச் சாயம் என்பதால் அம்மோனியா கலந்த கரைசலில் நூலில் ஏறி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் இறங்கும். புற ஊதா விளக்கில் ஆரஞ்சாக ஒளிரவும் செய்யும். ஆனால் எரித்ரோசின் என்ற உணவு நிறமூட்டியும் மங்கலாக ஒளிரும். ஆகவே விளக்கை மட்டும் நம்பி நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு காகிதத்தில் பண்டத்தின் சாயத்தையும் பக்கத்தில் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சாயங்களையும் பொட்டு வைத்து, காகிதத்தின் அடிநுனியைத் திரவத்தில் நிறுத்தி, எது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று ஒப்பிடுவோம். கடைசி உறுதி, கலவையைப் பிரித்து அதில் உள்ளவற்றை அடையாளம் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில்தான்.

மாணவர்களுக்கு அந்தக் காகிதப் பகுதியை மட்டும் உப்புத் தண்ணீரில் செய்து காட்டுங்கள். நிறங்கள் பிரிந்து ஏறுவதைப் பார்த்தால் அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இல்லத்தரசி: மஞ்சள் நிறப் பண்டத்தில் அமிலம் விட்டு ரோஸ் ஆனால் அது மெட்டானில் மஞ்சள் என்ற தடை செய்த சாயம் என்கிறார்களே, வீட்டில் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். அதற்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது இருக்கக் கூடாது. அதோடு, சமையல் மஞ்சளும் அமிலம் பட்டால் சிவக்கும். தண்ணீர் விட்டு நீர்த்தால் சமையல் மஞ்சளின் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். மெட்டானில் மஞ்சளின் நிறம் நிற்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பண்டத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு.

உணவுக்கூடம் நடத்துபவர்: வெங்காரம் (போராக்ஸ்) கலந்திருந்தால் தெரியுமா?

தெரியும். பண்டத்தின் சாற்றில் அமிலம் சேர்த்து, மஞ்சள் தோய்த்த காகிதத்தை நனைத்து உலர வைத்தால் செம்பழுப்பாகும். அதன் மேல் அம்மோனியா பட்டால் கரும்பச்சையாக மாறும். இரண்டு மாற்றமும் வந்தால்தான் கணக்கு.

கல்லூரி மாணவர்: ஃபார்மலினை (ஃபார்மால்டிஹைடு கரைசல்) கண்டறியும் கிட்டில் நிறம் மாறினால் கலப்படம்தானே?

சந்தேகம், அவ்வளவுதான். காளான், சில மீன்கள், பழங்கள் ஆகியவற்றில் ஃபார்மால்டிஹைடு இயல்பாகவே சிறிதளவு உண்டு. எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால்தான் பேச முடியும்.

ஒரு தந்தை: அஜினோமோட்டோ தடை செய்த பொருள்தானே மேடம்?

பொதுவாக இல்லை. அது அனுமதிக்கப்பட்ட சுவையூட்டி.

அதே தந்தை: அப்படியானால் ஒரு நாட்டில் தடை, இன்னொரு நாட்டில் அனுமதி என்பது ஏன்?

ஆதாரத்தை எடைபோடும் விதம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வெள்ளை நிறமூட்டியான டைட்டானியம் டை ஆக்சைடை (எண் 171) ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவிலிருந்து நீக்கியது. மற்ற பல நாடுகள் நீக்கவில்லை. எரித்ரோசினுக்கு (127) உணவில் தந்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது. சைக்கிளமேட் இனிப்பூட்டியோ அமெரிக்காவில் தடை, ஐரோப்பாவில் அனுமதி.

2007-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில நிறமூட்டிகளோடு சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியும் சேர்ந்த கலவை குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டக்கூடும் என்றது. அதன்பின் டார்ட்ரசின் (102) உட்பட 6 நிறங்களுக்கு 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அது தடை இல்லை. இருந்தாலும் என்னைக் கேட்டால், தினமும் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பையில் அந்த நிறங்கள் வேண்டாம் என்பேன். பிள்ளைக்கு அதனால் ஒரு இழப்பும் இல்லை.

பெற்றோர் சங்கப் பொறுப்பாளர்: மாதிரியை எப்படி அனுப்புவது?

பிரிக்காத பாக்கெட்டாகவே அனுப்புங்கள். அதே தொகுதி எண்ணில் இன்னொன்றைச் சீல் வைத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உதிரிப் பண்டம் என்றால் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாங்கிய இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். கெட்டுப்போகும் பண்டத்தைக் குளிரில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் நீங்களே எடுக்காமல் உணவுப் பாதுகாப்பு அதிகாரியை எடுக்கச் சொல்லுங்கள்.

“ரசாயனம் இருக்கிறதா பாருங்கள்” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தெந்தச் சாயம், எந்தப் பதப்படுத்தி என்று பெயர் எழுதிக் கொடுங்கள். பெயர் கொடுக்காததை யாரும் தேட மாட்டார்கள். அறிக்கையில் “கண்டறியப்படவில்லை” என்று வந்தால், எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.