வாசகர் கேள்வி: இறக்கை மேல் உறையும் பனி

கேள்வி: கனடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சின்ன புரொப்பல்லர் விமானம் ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளையாகப் பனி படிந்தது. அங்கிருந்த கறுப்பு ரப்பர் புடைத்து அடங்கியதும் பனி உடைந்து பறந்தது. இதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. அந்த ரப்பரை, விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் நாங்கள் 'பூட்' என்போம். 1930களில் அமெரிக்காவின் குட்ரிச் டயர் கம்பெனி கொண்டுவந்தது. உள்ளே காற்றடித்தால் புடைக்கும், பனி ஓடு நொறுங்கும், எதிர்க்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இருபது வருஷத்துக்கு மேல் அதைத் தடவிப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. கல் தெறித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தால் குமிழி காட்டிக் கொடுக்கும். பிறகு சைக்கிள் டியூப் போலச் சுரண்டி, பசை தடவி ஒட்டுப் போடுவோம்.

பெரிய ஜெட் விமானங்களில் இன்ஜினிலிருந்து சூடான காற்றை எடுத்து முன்விளிம்புக்குள் விடுவார்கள். அந்தக் காற்றை எடுப்பதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787-இல் அது இல்லை. முன்விளிம்புக்குள் மின்சாரத்தால் சூடாகும் விரிப்புகளைப் பதித்துவிட்டார்கள்.

என் மனதுக்குப் பிடித்தது தட்டி உதிர்க்கும் முறை. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் லியனார்ட் ஹாஸ்லிம் 1980களில் உருவாக்கினார். மெல்லிய செம்புப் பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, எதிரெதிர்த் திசையில் மின்சாரத்தை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பாய்ச்சினால், காந்தவிசையால் ஒன்றையொன்று உதறித் தள்ளும். மேற்பரப்பு சட்டென்று துள்ள, பனி பொடிப்பொடியாகிவிடும். ரப்பர் பூட்டுக்குச் சிரமம் தரும் மெல்லிய படலம்கூட உதிரும். டார்ட்மவுத் கல்லூரியின் விக்டர் பெட்ரென்கோ வேறு வழியில் போனார்: பனி முழுவதையும் உருக்காமல், ஒட்டியிருக்கும் அடிப்படலத்தை மட்டும் ஒரு மின்துடிப்பால் உருக்கினால் போதும், மற்றது வழுக்கி விழும்.

ஆனால் பனி எங்கே உறைகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 1994 அக்டோபர் 31-இல் சிகாகோவில் இறங்கக் காத்து வட்டமடித்துக்கொண்டிருந்த ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானம் ரோஸ்லான் என்ற ஊரருகே விழுந்தது. 68 பேரும் இறந்தார்கள். பூட் வேலை செய்தது. பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் மிதந்த பெரிய நீர்த்துளிகள், பூட்டைத் தாண்டி வழிந்து, அதற்குப் பின்னால் வரப்பு போல உறைந்தன. காற்றோட்டம் கலைந்து, விமானத்தைச் சாய்க்கும் மடல் தானாகத் திரும்பிவிட்டது. பிறகு ஏடிஆர் பூட்டை இன்னும் பின்னால் வரை நீட்டினார்கள். பெரிய துளிகளுக்கென்று புது விமானங்களுக்கு அமெரிக்கா விதி கொண்டுவந்தது 2014-இல். இருபது வருஷம்! அந்தத் தாமதத்தை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த முறை ஜன்னலோரம் கிடைத்தால், ரப்பருக்குப் பின்னால் இருக்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே வெள்ளை வரப்பு தெரிந்தால் விமானப் பணியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.