அவ்வப்போது படுத்துவிடும் இணையதளம்: சர்வரை மாற்றும் முன்

கேள்வி: கடலூரிலிருந்து பண்ருட்டி முந்திரியை இணையத்தில் விற்கிறோம். விபிஎஸ் சர்வரில் (ஒரு பெரிய சர்வரில் வாடகைக்கு எடுத்த தனிப் பங்கு) இருக்கும் எங்கள் தளம் வாரத்தில் மூன்று நான்கு முறை பத்து நிமிடம்போல நின்றுவிட்டு, தானே வந்துவிடுகிறது. ஹோஸ்டிங் நிறுவனம் ‘எங்கள் பக்கம் கோளாறு இல்லை’ என்கிறது. வேறு சர்வருக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரணம் தெரியாமல் மாறினால் கோளாறும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வரும்.

தளம் நின்றதும் முதலில் வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் தளம் நிற்கவே இல்லை. கடையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பழைய மெயில் பாஸ்வேர்டை விடாமல் அனுப்ப, சர்வர் உங்கள் ஐபியை, அதாவது கடை இணைப்பின் இணைய முகவரியை, பூட்டியிருக்கலாம். ஃபெயில்2பேன் என்ற காவல் மென்பொருள், யாரும் மாற்றாவிட்டால், 10 நிமிடம்தான் பூட்டும். நீங்கள் சொல்லும் கணக்கும் அதுதான் என்பதால் இதை முதலில் சந்தேகிக்கிறேன்.

இரண்டிலும் திறக்கவில்லையா? திரையில் வரும் எண்ணைக் குறியுங்கள். 502 என்றால் முன்னால் நிற்கும் வெப் சர்வர் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் பின்னால் பக்கங்களைத் தயாரிக்கும் பிஎச்பி விழுந்திருக்கிறது. 504 என்றால் பின்னால் இருப்பது உரிய நேரத்தில் பதில் தரவில்லை. எண்ணே வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் நெட்வொர்க்கையோ மொத்த சர்வரையோ பார்க்க வேண்டும். ஆர்டர் போகிறதே என்று கை பரபரக்கும். ஆனாலும் ரீஸ்டார்ட் செய்யும் முன் மெமரி நிலவரத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு அது கிடைக்காது.

அடுத்தது லாக், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவேடு. பலர் வழுக்கி விழும் இடம் இது. நிறைய சர்வர்களில் கடிகாரம் யுடிசியில் ஓடும், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 7.30க்கு நின்ற தளத்தை லாகில் 2.00 மணியில் தேட வேண்டும். ‘ராத்திரி 2 மணிக்கு பேக்கப்’ என்று யாரோ நல்லெண்ணத்தில் வைத்திருப்பார்; நமக்கு அது விடிந்து ஆர்டர் வரும் நேரம்.

சர்வரின் இயங்குதளமான லினக்ஸின் மையப்பகுதி எழுதும் கர்னல் லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று இருந்தால், மெமரி தீர்ந்து லினக்ஸே ஒரு புரொசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) கொன்றிருக்கிறது. பெரும்பாலும் பலியாவது டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல். சர்வரில் ஓடும் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி அதை மறுபடி எழுப்பிவிடுவதால் தளம் ‘தானே வந்த’ மாதிரி இருக்கும். பிஎச்பி புரொசஸ் ஒன்று 80 எம்பி எடுத்து, அதற்கென 1,000 எம்பிதான் மிச்சம் என்றால் 12க்கு மேல் அனுமதிக்காதீர்கள். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் கவனியுங்கள். அதன்பிறகும் நின்றால் தேதி, யுடிசி நேரம், பிழை எண், லாகின் அந்த வரிகள் ஆகியவற்றோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அப்போது ‘எங்கள் பக்கம் கோளாறு இல்லை’ என்று ஒரே வரியில் முடிக்க அவர்களால் முடியாது.