ஜோர்டனும் இல்லை, லெப்ரானும் இல்லை: முதலிடம் பில் ரஸலுக்கு

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்த வீரர் மைக்கேல் ஜோர்டனா, லெப்ரான் ஜேம்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்களோடு வாதம் முற்றிப்போய் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வியிலேயே இரண்டு பேரை மட்டும் நிறுத்திவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

என் பட்டியலில் முதலிடம் பில் ரஸலுக்கு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 13 சீசன் ஆடி 11 முறை கோப்பை வென்றவர். கடைசி இரண்டு கோப்பைகளின்போது அணியின் பயிற்சியாளரும் அவரே. 1962 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 30 புள்ளி, 40 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அதே சீசனில்தான் இன்னொரு அணியின் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அவருடைய சீசன் சராசரியே 50-க்கு மேல். ஆனாலும் சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது ரஸலுக்குத்தான் போனது. அப்போது அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் வீரர்களே. எதிரே நின்று ஆடியவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும்?

"அன்றைக்கு இருந்ததே எட்டு ஒன்பது அணிதானே" என்று யாராவது வருவார்கள். அணி குறைவு என்றால் ஒவ்வொன்றிலும் இருந்தவர்கள் பொறுக்கி எடுத்த ஆட்கள். வில்ட்டை ஒரே சீசனில் திரும்பத் திரும்பச் சந்தித்தாக வேண்டும். அடுத்து, "சராசரி வெறும் 15 புள்ளிதானே" என்பார்கள். இதைக் கேட்டால்தான் எனக்குப் பொறுக்காது.

நான் கல்லூரி அணியில் சென்டராக ஆடியவள். புள்ளி எடுப்பது என் வேலை இல்லை. எதிரணிப் பெண் லே-அப் போட, அதாவது கூடைக்குப் பக்கத்தில் வந்து பந்தைப் போட, உள்ளே வந்தால் ரிங்குக்குக் கீழே மறித்து நிற்க வேண்டும். தவறிய பந்தைப் பிடித்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயின்ட் கார்டிடம் சட்டென்று கொடுக்க வேண்டும். ஒரு போட்டியின் அரையிறுதியில், அதுவரை எல்லா அணிகளையும் அடித்து நொறுக்கிய ஒருத்தியை இரண்டாம் பாதி முழுக்க நான் உள்ளே விடவில்லை. ஜெயித்தோம். அப்புறம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. தேர்வாளர் ஸ்கோர் ஷீட்டைப் புரட்டினார். அந்தத் தாளில் யார் எத்தனை புள்ளி, யாருக்கு எத்தனை ஃபவுல், எப்போது டைம் அவுட் என்று இருக்கும். ரீபவுண்டுக்குக் கட்டமே கிடையாது. என் பெயருக்கு நேரே நாலு புள்ளி, நாலு ஃபவுல். "இந்தப் பொண்ணு என்னதான் பண்ணுச்சு?" என்று எங்கள் கோச்சிடம் கேட்டார். அவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் என்னை எடுக்கவில்லை. தேர்வானவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லாரும் நன்றாக ஆடக்கூடியவர்கள்தான். ஆட்டத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ரஸல் ஓய்வு பெற்றது 1969-ல். என்பிஏ பிளாக்குகளை (கூடைக்குப் போகும் பந்தைத் தட்டித் தடுப்பதை) எண்ணத் தொடங்கியது 1973-74 சீசனில். அவர் எதில் மன்னரோ அதற்குக் கணக்கே இல்லை. பழைய காட்சிகளைப் பாருங்கள். பந்தைக் கூட்டத்துக்குள் பறக்கவிட மாட்டார். கோட்டுக்குள்ளேயே இருக்கும்படி தட்டித் தன் ஆளிடம் சேர்ப்பார். எதிரணி திரும்புவதற்குள் செல்டிக்ஸ் அந்தப் பக்கம் ஓடியிருக்கும். இறுதித் தொடரின் எம்விபி விருதும் அவர் கையில் இல்லை. அது தொடங்கியதே 1969-ல், முதல் விருது தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்கு. பிறகு 2009-ல் அந்த விருதுக்கே ரஸல் பெயரை வைத்தார்கள்.

    

சரி, மீதி இடங்கள். இரண்டாவது ஜோர்டன்: ஆறு இறுதித் தொடர், ஆறிலும் கோப்பை. 1988-ல் சிறந்த டிஃபென்ஸ் (தடுப்பாட்ட) வீரர் விருதும் அவருக்கே. மூன்றாவது கரீம் அப்துல் ஜப்பார், ஆறு முறை எம்விபி. நான்காவது லெப்ரான். கரீமின் 38,387 புள்ளிச் சாதனையை அவர் 2023-ல் தாண்டினார், தெரியும். எனக்கு அதைவிடப் பெரிது 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம்: 89-89 என்று சமமாக நின்றபோது பின்னாலிருந்து ஓடிவந்து எதிரணி வீரர் இகுடாலாவின் பந்தை, கூடைக்குப் பின்னால் இருக்கும் போர்டோடு சேர்த்து அடித்தாரே, அந்த பிளாக். லெப்ரான் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், மூன்றையும் நான்கையும் மாற்றிப் போட்டாலும் சண்டைக்கு வர மாட்டேன். முதல் இடத்தை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.