ஒப்பரேஷனுக்குப் பிறகு கண் மஞ்சளானால்: மயக்க மருந்தும் ஈரலும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. மயக்க மருந்து ஈரலை அடித்துவிட்டது என்கிறார்கள். உண்மையா டொக்டர்? (களுவாஞ்சிக்குடி)

முதலில் அம்மாவை இன்றைக்கே ஒப்பரேஷன் செய்த வாட்டுக்குக் கொண்டுபோங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

பித்தப்பை எடுத்த பிறகு கண் மஞ்சளானால் நான் முதலில் நினைப்பது பித்தக்குழாயைத்தான். கல்லொன்று நழுவிக் குழாயை அடைத்திருக்கலாம், குழாயில் காயம் பட்டிருக்கலாம். சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்திலும் மலம் வெளிறியும் போகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அது பெரிய உதவி. அடுத்து கிருமித் தொற்று, ஒப்பரேஷன் நேரத்தில் பிரஷர் இறங்கியது, பிறகு கொடுத்த மருந்துகள். கோ-அமொக்சிக்லாவ் என்ற அன்டிபயோடிக், குளிசை முடிந்து சில வாரம் கழித்துக்கூடச் செங்கண்மாரியைக் கொண்டுவரும். வயல் வேலைக்குப் போகிறவர் என்றால் எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. மயக்க மருந்து என் பட்டியலில் கடைசியில்தான் வரும். ஆனாலும் பட்டியலில் இருக்கிறது.

மயக்க மருந்து எப்படி ஈரலைக் கெடுக்கும்? எல்லா மருந்தும் அப்படியா? (அக்கரைப்பற்று)

இல்லை. இந்தக் கெட்ட பெயரை வாங்கியது ஹலோதேன். 1956இல் பாவனைக்கு வந்த, மூச்சோடு இழுக்கும் மயக்க வாயு. நாங்கள் படித்த காலத்தில் மெஷினில் சிவப்பு அடையாளத்தோடு நிற்கும் பெட்டி அதுதான். இனிய வாசம், பிள்ளைகள் அழாமல் இழுத்துத் தூங்கிவிடுவார்கள். நல்ல மருந்து என்றே எல்லோரும் நம்பினோம்.

சிக்கல் என்னவென்றால், இழுத்த ஹலோதேனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை ஈரல் உடைக்கிறது. உடைந்த துண்டு ஈரலின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. சிலருடைய உடம்பு அந்தப் புரதத்தை வெளியாள் என்று நினைத்து, தன் ஈரலையே தாக்கத் தொடங்கிவிடும். 10,000 முதல் 35,000 பேரில் ஒருவருக்குத்தான் இது வரும். ஆனால் வந்தால் பொல்லாதது, பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டாம் முறை கொடுக்கும்போது ஆபத்து கூடும். அதிலும் முதல் தடவைக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் கொடுத்தால் இன்னும் கூடும். நடுத்தர வயதுப் பெண்கள், உடம்பு பருத்தவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள்.

பிறகு வந்த மயக்க வாயுக்கள் அப்படியில்லை. ஐசோஃப்ளூரேனில் ஈரல் உடைப்பது 0.2 சதவீதம் மட்டுமே. செவோஃப்ளூரேன் உடைந்தாலும் அந்த ஒட்டும் துண்டு உண்டாவதில்லை. அதனால்தான் அவை ஹலோதேனின் இடத்தைப் பிடித்தன.

எனக்கு 1998இல் ஒரு ஒப்பரேஷனுக்குப் பிறகு காய்ச்சலும் செங்கண்மாரியும் வந்தது. இப்போது கர்ப்பப்பை எடுக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. (வாழைச்சேனை)

அக்கா, நீங்கள் இதை எழுதியதே பாதி வேலை முடிந்த மாதிரி. மறு பாதி, மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் இதே வசனத்தைச் சொல்வது. சத்திரசிகிச்சை டொக்டரிடம் சொன்னேன், போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

படுவான்கரையிலிருந்து வந்த ஒரு அம்மாவை எனக்கு மறக்க முடியாது. சொப்பிங் பேக்கில் நாலாய் மடித்த பழைய டயக்னோசிஸ் கார்ட். மடிப்பெல்லாம் கிழிந்து, மை மங்கி, அடியில் ஒரே ஒரு வரி: ஹலோதேன் கொடுத்தது, ஆறாம் நாள் செங்கண்மாரி. அந்த எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் எறியாமல் வைத்திருந்தார். அந்த வரியைப் பார்த்துவிட்டு முதுகில் ஊசி போட்டே ஒப்பரேஷனை முடித்தோம்.

உங்களுக்கும் அந்த வழி இருக்கிறது. முழு மயக்கம் வேண்டுமென்றால் மயக்க வாயு இல்லாமல், இரத்த நாளம் வழியாக ப்ரொப்போஃபோல் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தும் செய்யலாம். கார்ட் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் கடதாசிகளைத் தொலைக்காத வீடு நம் கரையில் எத்தனை? வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம்.

ஈரல் செயலிழந்தால் வைத்தியமே இல்லையா? (கல்முனை)

இருக்கிறது. ஹலோதேனுக்கு என்று தனி மாற்று மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஈரல் தானாக வளர்ந்து தேறக்கூடிய உறுப்பு. அதுவரை ஆளைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. சீனி இறங்காமல் குளுக்கோஸ், இரத்தம் கசிந்தால் விட்டமின் கேயும் பிளாஸ்மாவும், மூளை மந்தமானால் லக்டுலோஸ். பனடோல் நஞ்சுக்குக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் மற்றக் காரணங்களால் வரும் ஈரல் செயலிழப்பிலும் உதவுகிறது. 2009இல் வெளியான ஆய்வில், மூளைப் பாதிப்பு ஆரம்ப நிலையில் இருந்தவர்களில் இந்த மருந்து பெற்ற 52 சதவீதம் பேர் ஈரல் மாற்றாமலே பிழைத்தார்கள். பெறாதவர்களில் 30 சதவீதம். மூளைப் பாதிப்பு முற்றிய பிறகு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் நேரம் முக்கியம்.

எல்லாம் கைவிட்டால் ஈரல் மாற்று. நம் நாட்டில் ராகமையில் செய்கிறார்கள், ஆனால் மட்டக்களப்பிலிருந்து அது நீண்ட பயணம். ஆகவே மஞ்சளோடு பகலில் தூங்கி இரவில் முழித்திருத்தல், பேச்சுத் தடுமாறல், பல் முரசில் இரத்தம் என்று எதைக் கண்டாலும் விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள்.

பல் பிடுங்கப் போடும் விறைப்பு ஊசியும் ஈரலைக் கெடுக்குமா? (ஏறாவூர்)

வழமையான அளவில் கெடுக்காது. ஈரல் வருத்தம் ஏற்கெனவே இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

ஒப்பரேஷனுக்கு முன் ஈரலைச் சுத்தப்படுத்தக் கீழ்க்காய்நெல்லி குடிக்கலாமா? சாராயம் குடிப்பதைச் சொல்ல வேண்டுமா? (திருக்கோவில்)

அப்படிச் சுத்தப்படுத்தத் தேவையில்லை. ஒப்பரேஷனுக்கு முந்திய நாட்களில் எந்தக் கசாயமும் வேண்டாம். சாராயம் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்: எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று. சுருங்கிப்போன ஈரலோடு மேசையில் ஏறுவதுதான், எந்த மயக்க வாயுவையும் விட, எனக்கு அதிகம் பயம் தருவது. கசாயம் குடித்திருந்தாலும் மறைக்காதீர்கள். யாரும் ஏசமாட்டார்கள், ஏசினாலும் சொல்லுங்கள்.