டப்பாவைத் தேடி ஒரு குடும்பம்: ஜியோகேச்சிங் கேள்வி பதில்

பிள்ளைகளோடு ஜியோகேச்சிங் போகிறவர்களும் போக நினைப்பவர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, புதையல் வேட்டை என்கிறார்கள். பெட்டிக்குள் என்னதான் இருக்கும்?

பெரும்பாலும் ஒரு சின்ன நோட்டு. பெட்டி கொஞ்சம் பெரியது என்றால் கூடவே கோலிக்குண்டு, சாவி வளையம், பொம்மைக் கார். ஒருவர் ஓரிடத்தில் டப்பாவை ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் போய், நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார்கள். அந்த டப்பாவுக்குத்தான் கேச் என்று பெயர்.

ஆட்டம் பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ரசிப்பார்கள். 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகும். அந்தப் பிழையை நீக்கிய மறுநாளே, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டுப் பகுதியில் வைத்து, அதன் எண்களை இணையத்தில் எழுதினார். புத்தகம், மென்பொருள், உண்டிவில், அவரை விதை டின் எல்லாம் அதில் இருந்தன. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கென ஜியோகேச்சிங்.காம் தளமும் வந்துவிட்டது.

கேள்வி: போன் போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

போன் போதும். திறந்த வெளியில் இன்றைய போன்கள் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். தனிக் கருவியில் பேட்டரி நீண்ட நேரம் நிற்கும். மழையையும் அடியையும் தாங்கும். நாள் முழுக்கக் காட்டில் சுற்றுபவர்களுக்கு அது தேவைப்படும், உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போவதென்றால் வரைபடத்தையும் கேச்சின் விவரத்தையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை.

கேள்வி: எண்களைக் கையால் போட்டேன். எங்கோ பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. ஆப்பில் கோளாறா?

எழுதும் முறையில்தான் குழப்பம். தளத்தில் உள்ள கேச் பக்கங்களில் பாகையும் நிமிடமுமாக எழுதுவார்கள், நிமிடத்துக்குப் பிறகு மூன்று தசம இலக்கம் இருக்கும். போன் வரைபடங்கள் பெரும்பாலும் வெறும் பாகையைத் தசமத்தில் காட்டும். 12.5 பாகை என்றால் 12 பாகை 30 நிமிடம். அதை 12 பாகை 5 நிமிடம் என்று போட்டால் கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். ஆப்பின் அமைப்பில் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: அக்கா, ஆப் ‘2 மீட்டர்’ என்கிறது. சுற்றிச் சுற்றி வந்தும் ஒன்றுமே இல்லை. பையன் அழ ஆரம்பித்துவிட்டான்!

எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த 2 மீட்டரை நம்பாதீர்கள். ஒளித்தவரின் கருவியில் ஒரு பிழை, உங்கள் கருவியில் ஒரு பிழை, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போனால் 10 மீட்டர் வித்தியாசம் சாதாரணம். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவேயும் சிக்னல் மோதித் திரும்பி வருவதால் இன்னும் மோசமாகும். அம்புக்குறியின் பின்னாலேயே ஓடினால் அது உங்களை வட்டமடிக்க வைக்கும்.

10 மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போடுங்கள். நின்று, ‘நானாக இருந்தால் இங்கே எங்கே ஒளிப்பேன்?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இயற்கையில் வராத ஒழுங்கைத் தேட வேண்டும்: ஒரே பக்கமாக அடுக்கிய சுள்ளிகள், வேர் இடுக்கை அடைத்திருக்கும் தட்டைக் கல், துருப்பிடிக்காத ஒரே ஒரு போல்ட். இரும்புக் கம்பி வேலி, பெஞ்ச் என்றால் அடிப்பக்கம் காந்தத்தில் ஒட்டிய டப்பா இருக்கலாம். பெரியவர்கள் கண் மட்டத்தில் தேடுவார்கள், பிள்ளைகள் முழங்கால் மட்டத்தில் தேடுவார்கள். அதனால்தான் பெரும்பாலும் அவர்கள் முந்திக்கொள்கிறார்கள்.

அப்புறமும் கிடைக்கவில்லையா? கேச்சின் இணையப் பக்கத்தில் குறிப்பு இருக்கும். ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளிப் போட்டு மறைத்திருப்பார்கள், A என்றால் N. ஆப் ஒரு தட்டில் அவிழ்த்துவிடும் என்றாலும், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து அவிழ்க்கச் சொல்லுங்கள், அழுகை நிற்கும். முன்பு வந்தவர்கள் எழுதியதையும் படியுங்கள். கடைசி நாலைந்து பேருமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் டப்பாவே போய்விட்டிருக்கலாம். நீங்களும் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒளித்தவருக்கு டப்பாவைப் பார்க்கத் தோன்றுவதே அந்தப் பதிவால்தான்.

கேள்வி: காணாமல் போன இடத்தில் நாங்களே புது டப்பா வைத்துவிட்டால் உதவியாக இருக்காதா?

வேண்டாம். பழையது அங்கேயே பத்திரமாக இருந்து, உங்கள் கண்ணில்தான் படாமல் போயிருக்கலாம். ஒளித்தவருக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஐந்து வயதும் ஒன்பது வயதும். எதில் தொடங்குவது?

ஒவ்வொரு கேச்சுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு, தேடுவதன் கடினம் ஒன்று, போய்ச் சேரும் பாதையின் கடினம் ஒன்று. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். இரண்டுமே 1.5க்குள் இருப்பதாகப் பாருங்கள்.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது டப்பாவின் அளவை. 100 மில்லிக்குக் குறைந்தது மைக்ரோ. அதில் சுருட்டிய தாள் மட்டும்தான் இருக்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏமாற்றம். ஒரு லிட்டர் வரை ஸ்மால், அதற்கு மேல் 20 லிட்டர் வரை ரெகுலர். முதல் சில முறை இந்த இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுங்கள். எண்கள் நேரே டப்பாவுக்கே கொண்டுபோகும் டிரெடிஷனல் வகை நல்லது. பல கட்டங்களாகப் போகும் மல்டி, வீட்டில் புதிரை விடுவித்துவிட்டுப் போகும் மிஸ்டரி எல்லாம் பிறகு. சமீபத்தில் யாராவது கண்டெடுத்ததாகப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் நாளே வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள்.

கேள்வி: மாமியாருக்குச் சக்கர நாற்காலி. அவரையும் அழைத்துப் போகலாமா?

பாதை மதிப்பெண் 1 என்றால் சக்கர நாற்காலியிலேயே போய்ச் சேரலாம் என்றுதான் பொருள். ஆனாலும் கேச்சின் இணையப் பக்கத்திலுள்ள படங்களையும் பதிவுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சிலர் தாராளமாக 1 போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பெட்டியிலிருந்து என் மகள் ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு என்ன வைப்பது?

எடுத்ததற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல ஒன்றை. கிளம்பும்போதே ஒரு சின்னப் பையில் ரப்பர், விசில், வளையல், பொம்மை என்று போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொருள் எதுவும் கூடாது, மூடிய மிட்டாய்கூட. எலியும் எறும்பும் மோப்பம் பிடித்து டப்பாவையே கடித்துவிடும். அதே காரணத்துக்காக வாசனைப் பொருளும் வேண்டாம். கத்தி, தீப்பெட்டி, மது கூடாது என்று சொல்லத் தேவையில்லை, குழந்தை திறக்கும் பெட்டி அது.

கேள்வி: எண் பொறித்த ஒரு நாணயம் கிடைத்தது. மகன் தனக்கே வேண்டும் என்கிறான்.

அது பயணம் செய்யும் பொருள், டிராக்கபிள் என்பார்கள். அதற்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார், எண்ணைப் பதிந்தால் அது இதுவரை போய்வந்த ஊர்களும் அது எங்கே போக ஆசைப்படுகிறது என்பதும் தெரியும். எடுத்தவர் வேறொரு கேச்சில் கொண்டு போய் வைக்க வேண்டும். மகனை வரைபடத்தில் பாதையைப் பார்க்கச் சொல்லி, அடுத்த நிறுத்தத்தை அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள், விட்டுக்கொடுப்பது சுலபமாகிவிடும். அந்த எண்ணை மட்டும் பொதுவில் எழுதாதீர்கள், படத்திலும் தெரியக் கூடாது. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் இப்படியொரு குறியீடு இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், மகன் கண்ணை விரிப்பான்.

கேள்வி: புதரில் கையை விடச் சொல்கிறீர்கள். பாம்பு, பூச்சி?

கையை விடச் சொல்லவே மாட்டேன். முதலில் குச்சி, அடுத்து டார்ச், கடைசியில்தான் கை, அதுவும் பெரியவர் கை. முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, தண்ணீர். இடுக்கில் குளவி போய்வருகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இடம் சரியாகத் தோன்றாவிட்டால் திரும்பிவிடலாம், டப்பா எங்கேயும் ஓடிப்போகாது.

கேள்வி: அங்கே இருப்பவர்கள் எங்களையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களை மக்கிள் என்போம். அவர்கள் பார்க்கும்போது டப்பாவை வெளியே எடுக்காமலிருப்பது வழக்கம். பார்த்துவிட்டால் குப்பை என்றோ வேறேதோ என்றோ நினைத்துத் தூக்கிப் போட்டுவிடலாம். உட்கார்ந்து பேசுங்கள், படம் எடுங்கள், அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். யாராவது நேராகக் கேட்டால், காவலரோ தோட்டக்காரரோ யாராக இருந்தாலும், உள்ளதைச் சொல்லி, போனில் கேச்சின் பக்கத்தையும் காட்டிவிடுங்கள். கதை கட்டினால்தான் சந்தேகம் வளரும். குடும்பமாகப் போவதில் ஒரு வசதி, பிள்ளைகள் தரையைக் குடைவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை!

கேள்வி: என் கணவருக்கு ஒரு நாளில் எத்தனை எடுத்தோம் என்பதே கணக்கு. மூன்றாவதிலேயே பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள்.

கணக்குப் பெரியவர்களின் நோய், அம்மா. அவர் தனியாகவோ நண்பர்களோடோ ஒரு நாள் போய் எண்ணிக்கையைத் தீர்த்துக்கொள்ளட்டும். குடும்ப நாளில் இரண்டு போதும். முதலில் பார்த்தவர் உடனே கையை நீட்டாமல் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வது, மற்றவர்கள் தொடர்ந்து தேடுவது என்று எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. கடைசி ஆளும் உட்கார்ந்த பிறகுதான் டப்பா வெளியே வரும். இளையவளுக்கும் கண்டுபிடித்த நிறைவு கிடைக்கிறது. தளத்தில் தொடங்கும் கணக்கும் வீட்டுக்கு ஒன்றே போதும். நோட்டில் ஒரே குடும்பப் பெயரை எழுதினால் இடமும் மிச்சம்.

கேள்வி: நாங்களும் ஒன்று ஒளிக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். எப்படி?

ஒளிப்பது ஒரு நாள் வேலை, பராமரிப்பது வருடக்கணக்கில். செடி வைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதைப் போலத்தான். ஆகவே அடிக்கடி போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். விடுமுறைக்குப் போன ஊரில் வைத்துவிட்டு வந்தால், யார் கவனிப்பார்கள் என்று காட்டாதவரை தளத்தில் அனுமதிக்க மாட்டார்கள். அதற்கு முன் பலவிதமான கேச்சுகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள். எது மகிழ்ச்சி தந்தது, எது எரிச்சல் தந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

விதிகள் சில உண்டு. நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. ரயில் பாதை ஓரம், பள்ளி வளாகம் போன்றவற்றை விட்டுவிடுங்கள். வேறொரு கேச்சிலிருந்து குறைந்தது 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு, தள்ளியிருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் வரும்: வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடத்தில் ஏதோ ஒரு மிஸ்டரி கேச்சின் டப்பா மறைந்திருக்கலாம். அதனால் டப்பாவைத் தயாரிக்கும் முன்பே எண்களைத் தளத்தின் மதிப்பாய்வாளருக்கு அனுப்பி இடம் காலியா என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் தன்னார்வலர்கள், எல்லாக் கேச்சும் அவர்கள் பார்த்த பிறகுதான் வெளியாகும்.

டப்பா விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், ரப்பர் வளையம் உள்ள உணவு டப்பா நன்றாக உழைக்கும். ஐஸ்கிரீம் டப்பா ஒரு மழைக்குத் தாங்காது. ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க அமுக்கி வைத்து, உள்ளே வைத்த தாள் நனைகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். நோட்டை ஜிப் வைத்த உறையில் போட்டு, பேனாவுக்குப் பதில் பென்சில் வையுங்கள். வெளியே ‘ஜியோகேச்’ என்று தெளிவாக எழுதுங்கள், எதேச்சையாகப் பார்ப்பவர் பயந்துவிடக் கூடாது.

எண்களை ஒரே முறை எடுத்து முடிக்காதீர்கள். வேறு வேறு நாட்களில், வேறு வேறு பக்கத்திலிருந்து நடந்து வந்து, சில முறை எடுத்துச் சராசரி பாருங்கள். நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வடக்கு தெற்காகச் சுமார் 1.85 மீட்டர், கடைசி இலக்கத்தில் பிழை வந்தாலும் தேடுபவருக்கு வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று என் சொந்தக் கருத்து. ஆயிரம் கற்களுக்கு நடுவே ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டு ‘கடினம் 4’ என்று போடுவதில் திறமையே இல்லை. தேடுகிறவர்கள் ஒவ்வொரு கல்லாகப் புரட்டி இடத்தையே பாழாக்குவார்கள். கண் முன்னே இருந்தும் தெரியாமலிருப்பதுதான் அழகான ஒளிப்பு. அல்லது சுலபமாகவே வையுங்கள், ஆனால் வந்தவருக்குப் பார்க்க ஒரு நீர்த்தேக்கமோ பழைய மரமோ இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு கேச்கூட இல்லை. என்ன செய்வது?

எர்த்கேச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டப்பா கிடையாது. பாறை, அருவி போன்ற இடத்துக்குப் போய், அங்கே பார்த்ததை வைத்து நிலவியல் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் வீட்டு ஆட்டம் நடத்துங்கள். பூங்காவில் ஐந்து டப்பா, ஒவ்வொன்றுக்குள்ளும் அடுத்ததன் எண்கள், கடைசியில் ஒரு சின்னப் பரிசு. டப்பாக்களுக்கு இடையே 30 மீட்டராவது விடுங்கள், நெருக்கமாக வைத்தால் ஜிபிஎஸ் பிழையிலேயே ஆட்டம் குழம்பிவிடும். அடுத்த சுற்றில் பிள்ளைகள் ஒளிக்க, நீங்கள் தேடுங்கள். மூடியில் 1 முதல் 5 வரை எண் போட்டு வையுங்கள், கிளம்பும்போது எல்லாம் பைக்குத் திரும்பிவிட்டனவா என்று பார்க்க வசதி.