கொக்கைனை நிறுத்திய எலி மறுபடி ஏன் அதைத் தேடுகிறது?
பழக்கத்தை விட்ட எலிக்கு மறுபடி ஏன் ஆசை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கொக்கைன், வெளியே வந்த டோபமைன் (ஆசையோடு தொடர்புள்ள மூளை ரசாயனம்) நரம்பணுவுக்குள் திரும்பிப் போகும் வழியை அடைத்துவிடும், ஆம்ஃபெட்டமைன் என்ற இன்னொரு போதை மருந்து இன்னும் ஒரு படி மேலே போய் உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளவைக்கும். இப்படி டோபமைன் எக்கச்சக்கமாகத் தேங்க, ஆய்வுக் கூண்டில் போதை மருந்து தரும் நெம்புகோலை அழுத்தினால் லாபம் என்று எலியின் மூளை பதிந்துகொள்கிறது. மருந்து வராவிட்டால் அழுத்துவதும் மெல்ல நிற்கும். அப்புறம் துளி மருந்தோ, காலில் லேசான ஷாக்கோ, முன்பு மருந்து வரும்போதெல்லாம் எரிந்த விளக்கோ போதும், மறுபடி ஆரம்பித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், விளக்கைப் பார்த்து வரும் தேடல் நிறுத்திய மறுநாளைவிட ஒரு மாதம் கழித்துத்தான் அதிகம். 2001-இல் வந்த எலி ஆய்வு அது. நான் வேலூர்க்காரன், இனிப்பை விட்டவன், ஆனால் ஆற்காட்டில் மக்கன் பேடா போர்டைப் பார்த்தால் கால் தானாக நிற்கிறது. பேடாவும் போதையும் ஒன்றல்ல, சரி, ஆனால் தூண்டுதல் கிட்டத்தட்ட அதே ரகம்தான்.